எல்மர் கீத்: கையிலேயே வெடித்த ரிவால்வர்... 30 வருஷம் கழித்துப் பிறந்த .44 மேக்னம்! யார் இவர்?

1925-ம் ஆண்டு ஜூலை 4. அமெரிக்காவின் சுதந்திர தினம். மேற்கு அமெரிக்காவில் பண்ணை வேலை பார்த்துக்கொண்டிருந்த 26 வயது இளைஞர் ஒருவர், தன்னுடைய .45 கோல்ட் ரிவால்வரை எடுத்துக் கொண்டாட்டமாகச் சுட ஆரம்பித்தார். நம்ம ஊரில் தீபாவளி அன்று சரவெடி கொளுத்துவது மாதிரிதான் அதுவும்.

சில ரவுண்டு போனது. அடுத்த ரவுண்டில் கையை உதைத்த வேகம் வேறு மாதிரி இருந்தது. துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தால், தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரின் மேல்பாதியைக் காணோம். அதற்கு மேலே பாலம் மாதிரி ஓடும் இரும்புப் பட்டையையும் காணோம். முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இரும்பு சிதறியிருக்கிறது. ஆனால், அவருக்குப் பெரிதாக எதுவும் ஆகவில்லை.

அந்தத் தோட்டாக்கள் கடையில் வாங்கியவை இல்லை. அவரே வெடிமருந்தை அளந்து, அவரே குண்டைப் பொருத்திச் செய்தவை.

அந்த இளைஞர்தான் எல்மர் கீத். உலகம் முழுக்க ரிவால்வர் பிரியர்கள் இன்றைக்கும் பேசும் பெயர். சினிமாவில் பிரபலமான .44 மேக்னம் தோட்டா உருவாக முக்கியக் காரணமாக இருந்தவர். அதிக அழுத்தம் தரும் தோட்டாவை ரிவால்வரில் பத்திரமாகச் சுடுவது எப்படி என்ற கேள்விக்கு, வாழ்க்கையில் பெரும்பகுதியைச் செலவழித்து விடை தேடியவர். அவரது கதையைப் பார்க்கலாம்.

தீயில் வெந்த கை

எல்மர் கீத் 1899 மார்ச் 8-ம் தேதி, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஹார்டின் என்ற ஊரில் பிறந்தார். பிறகு குடும்பம் மேற்கு நோக்கி நகர்ந்தது. மோன்டானா, ஐடஹோ என மலையும் காடும் குதிரையும் சூழ்ந்த வாழ்க்கை.

சிறுவனாக இருந்தபோது, மோன்டானாவின் மிசூலா நகரில் தங்கியிருந்த ஹோட்டல் தீப்பிடித்தது. கீத் உடம்பெல்லாம் வெந்துபோனார். பிழைத்ததே பெரிய விஷயம். இடது கை முறுக்கிக்கொண்டு கோணலாக ஒட்டிப்போனது. அந்தக் கையை மறுபடியும் உடைத்து, நேராக்கிக் கட்டித்தான் ஓரளவு பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டுதான் அவர் குதிரை பழக்கினார், மாடு மேய்த்தார், பண்ணை நடத்தினார், வேட்டைக்கு வருகிறவர்களுக்கு மலையில் வழிகாட்டியாகப் போனார். அந்த வாழ்க்கையில் இடுப்பில் ஒரு ரிவால்வர் என்பது அரிவாள் மாதிரி ஒரு வேலைக் கருவி. அடிபட்ட குதிரையின் வலியை முடிக்கவும், காட்டில் மிருகம் எதிரே வந்தால் தப்பிக்கவும் அதுதான் துணை.

கடையில் கிடைத்த ரிவால்வர் தோட்டா அவருக்குப் போதவில்லை. இன்னும் கனமான குண்டு, இன்னும் வேகம் வேண்டும் என்று நினைத்தார். அங்கேதான் கையால் தோட்டா நிரப்பும் பழக்கம் வருகிறது.

கையால் தோட்டா நிரப்புவது என்றால் என்ன?

ஒரு தோட்டாவில் நாலு பாகம். பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, மேலே குண்டு. சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும். அந்தக் கூட்டில் புதுப் பிரைமர் பொருத்தி, மருந்தை அளந்து போட்டு, புதுக் குண்டை அழுத்தி உட்கார வைத்தால் மறுபடியும் தோட்டா ரெடி.

செலவு குறையும். வேண்டிய மாதிரி செய்துகொள்ளலாம். அமெரிக்காவில் இது சட்டப்படி நடக்கும் பொழுதுபோக்கு. ஆனால் அளவு ரொம்ப நுணுக்கம். மருந்தை நிறுக்கும் அலகு கிரெயின். ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். அரிசியில் ரெண்டு மூணு மணி எடைதான். சில கிரெயின் கூடினாலே நிலைமை மாறிவிடும்.

ஏன் மாறுகிறது? விழுப்புரம் பக்கத்தில் திருவாமாத்தூர் மாதிரி கோயில் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைக்கத் திருவிழா வேட்டு ஒன்றே போதும். அதே மருந்தைத் தரையில் கொட்டிக் கொளுத்தினால் புஸ்ஸென்று எரிந்து அடங்கிவிடும். இரும்புக் குழாயில் போட்டு இறுக்கினால் ஊரே அதிரும். மருந்து ஒன்றுதான். அடைத்த இடமும் இறுக்கமும்தான் வேறு. குழாய் தாங்குகிற அளவைத் தாண்டினால் குழாயே சிதறும்.

ரிவால்வரின் சிலிண்டரில் இருக்கும் ஒவ்வொரு அறையும் அப்படிப்பட்ட ஒரு சின்னக் குழாய்தான். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 32 பி.எஸ்.ஐ. அமெரிக்கத் தொழில்துறை அமைப்பு வகுத்திருக்கும் அளவுப்படி, .45 கோல்ட் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 14,000 பி.எஸ்.ஐ. டயரைப் போல 400 மடங்குக்கும் மேல்! ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் அது நீடிக்கும். ஆனால் அந்த நேரத்துக்குள் இரும்பு தாங்கியாக வேண்டும்.

வெடித்த துப்பாக்கி சொன்ன பாடம்

ரிவால்வர் சிதறிய பிறகு கீத் முன்னால் மூணு வழி இருந்தது. தோட்டா நிரப்புவதையே விட்டுவிடலாம். கடைத் தோட்டாவோடு திருப்தி அடையலாம். இல்லை, ஏன் வெடித்தது என்று யோசிக்கலாம். அவர் மூணாவதைத் தேர்ந்தெடுத்தார்.

விடை சிலிண்டரின் சுவரில் இருந்தது. .45 கோல்ட் தோட்டா தடிமனானது. ஆறு தோட்டாவுக்கும் அறை குடைந்த பிறகு, அறைக்கும் சிலிண்டரின் வெளிப்பக்கத்துக்கும் நடுவில் மிஞ்சும் இரும்பு ரொம்பக் கொஞ்சம். போதாததற்கு, சிலிண்டரைப் பூட்டி நிறுத்துவதற்காக வெளிப்பக்கத்தில் சின்னச் சின்னப் பள்ளம் வேறு வெட்டியிருக்கும். அந்த இடத்தில் சுவர் இன்னும் மெலிசு. மேலும், பழைய கோல்ட் ரிவால்வர்கள் கரிமருந்துக் காலத்து இரும்பில் செய்யப்பட்டவை. புகையில்லா மருந்து வந்து நிலைபெற்ற பிறகுதான், 1900-ஐ ஒட்டிய காலத்தில், அதைத் தாங்கும்படி கோல்ட் நிறுவனம் செய்ய ஆரம்பித்தது.

கீத் .44 ஸ்பெஷல் என்ற தோட்டாவுக்கு மாறினார். துப்பாக்கியின் அளவு அதேதான். ஆனால் தோட்டாவின் சுற்றளவு கொஞ்சம் குறைவு. அறை சிறிதாவதால் சுற்றிலும் இரும்புச் சுவர் சுமார் 0.3 மில்லிமீட்டர் கூடுகிறது. கேட்க அற்பமாக இருக்கும். மெலிந்த சுவருக்கு அது பெரிய பலம்.

இங்கேதான் அவரது பார்வை மாறியது. மருந்தைக் கூட்டுவதற்கு முன்னால், அதைத் தாங்கும் துப்பாக்கி கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதுதான் பிறகு அவர் எழுதிய எல்லாவற்றுக்கும் அடிப்படை.

குண்டின் வடிவமும் மாறியது

1920-களின் கடைசியில் கீத் புதுக் குண்டு ஒன்றை வடிவமைத்தார். முன்பக்கம் தட்டையாக, தோள்பட்டை மாதிரி ஒரு விளிம்போடு இருக்கும். லைமன் நிறுவனம் அதற்கான வார்ப்பு அச்சுகளை விற்றது. கீத் குண்டு என்ற பெயரில் அந்த வடிவத்தை இன்றும் வார்க்கிறார்கள்.

அந்த வடிவத்தில் பாதுகாப்புக்கும் ஒரு இடம் உண்டு. குண்டின் பெரும்பகுதி கூட்டுக்கு வெளியே இருக்கும்படி அதை அமைத்தார். அதனால் கூட்டுக்குள் மருந்துக்கு இடம் கூடுகிறது. குண்டைக் கூட்டுக்குள் ஆழமாக அழுத்திவிட்டால் உள்ளே இடம் குறையும்; மருந்து அதே அளவு இருந்தாலும் அழுத்தம் எகிறும். கூட்டின் வாயை மடித்துக் குண்டை இறுகப் பிடிக்க ஆழமான பள்ளமும் வைத்தார். ரிவால்வரில் இது ரொம்ப முக்கியம். ஒரு தோட்டா வெடிக்கும் உதைப்பில் மற்ற தோட்டாக்களின் குண்டு கழன்று முன்னால் வந்தால், சிலிண்டர் சுற்றாமல் சிக்கிக்கொள்ளும்.

1930-களில் ஹெர்குலிஸ் நிறுவனத்தின் 2400 என்ற மருந்து வந்தது. மெதுவாக எரியும் ரகம். எல்லா அழுத்தத்தையும் ஒரே அடியாகக் கொடுக்காமல், குண்டைக் குழல் நெடுகத் தள்ளிக்கொண்டு போகும். கீத் எதிர்பார்த்த வேகம் அதில் கிடைத்தது. பத்திரிகைகளில் தொடர்ந்து எழுதினார். படித்தவர்கள் வீட்டில் செய்து பார்த்தார்கள்.

மூணு மில்லிமீட்டர் பித்தளை

1935-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் .357 மேக்னம் என்ற புது ரிவால்வரையும் தோட்டாவையும் கொண்டுவந்தது. பழைய .38 ஸ்பெஷல் தோட்டாவின் வலுவான வடிவம் அது. டக்ளஸ் வெஸ்ஸன், பிலிப் ஷார்ப் ஆகியோர் இதில் முன்னணியில் இருந்தார்கள். கீத் செய்து காட்டிய சோதனைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

இந்தத் தோட்டாவில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. .38 ஸ்பெஷல் கூட்டைவிட இதன் கூட்டைச் சுமார் மூணு மில்லிமீட்டர் நீளமாகச் செய்தார்கள். மருந்துக்கு இடம் வேண்டும் என்பது முக்கியக் காரணம் இல்லை. பழைய .38 ரிவால்வரில் யாராவது தெரியாமல் இதைப் போட்டுவிடக் கூடாது என்பதுதான் காரணம். போட்டால் முழுசாக உள்ளே போகாது, சிலிண்டர் மூடாது. .38 ஸ்பெஷலின் உச்ச அளவு 17,000 பி.எஸ்.ஐ. .357 மேக்னத்துக்கு 35,000. ரெண்டு மடங்குக்கு மேல். அந்த மூணு மில்லிமீட்டர் பித்தளை எத்தனை பேரின் விரலைக் காப்பாற்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே யோசனை .44-க்கும் வர வேண்டும் என்று கீத் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டாம் உலகப் போர். யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைப் பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தார். ராணுவத்துக்குப் போகும் துப்பாக்கி சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்பும் பொறுப்பு.

போர் முடிந்ததும் மறுபடியும் தொடங்கினார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கி செய்ய வேண்டும், ரெமிங்டன் தோட்டா செய்ய வேண்டும். ரெண்டு பக்கமும் பேசினார். 1955-ன் கடைசியில் முதல் .44 மேக்னம் ரிவால்வர் தயாரானது. அடுத்த ஆண்டு சந்தைக்கு வந்தது. முதலில் வெளிவந்தவற்றில் ஒன்று கீத்தின் கைக்குப் போனது. வெடித்த ரிவால்வருக்கும் இதற்கும் நடுவில் சரியாக 30 வருஷம்.

.44 ஸ்பெஷல் தோட்டாவின் உச்ச அளவு 15,500 பி.எஸ்.ஐ. .44 மேக்னத்துக்கு 36,000. இதிலும் கூட்டை நீளமாக்கினார்கள். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. கீத் கேட்டதைவிட வேகமான தோட்டாவை ரெமிங்டன் தந்தது. அத்தனை வேகம் தேவையில்லை என்று, தனக்கான தோட்டாவை அவர் கொஞ்சம் குறைத்தே நிரப்பிக்கொண்டார். வேகம் வேகம் என்று கேட்டவர், எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்திருந்தார்.

1971-ல் கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த 'டர்ட்டி ஹாரி' படம் வந்தது. .44 மேக்னம் உலகம் முழுக்கப் பிரபலமானது. அதற்குப் பின்னால் ஒரு பண்ணைக்காரரின் கதை இருப்பது தியேட்டரில் விசில் அடித்த பலருக்குத் தெரியாது.

கீத் செய்தது எல்லாம் சரியா?

இல்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கீத்திடம் அழுத்தத்தை அளக்கும் ஆய்வகக் கருவி கிடையாது. சுட்ட கூடு அறையிலிருந்து சுலபமாக வருகிறதா, பிரைமர் நசுங்கித் தட்டையாகியிருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வார். இந்த அடையாளங்கள் எச்சரிக்கைதான், அளவுகோல் கிடையாது. ரிவால்வரில் இவை தெரிவதற்குள் அழுத்தம் எல்லையைத் தாண்டியிருக்கலாம். அவர் பரிந்துரைத்த .44 ஸ்பெஷல் அளவு, அந்தத் தோட்டாவுக்கான தொழில்துறை எல்லையைத் தாண்டியது என்பது பிறகு கருவி வைத்து அளந்தபோது தெரிந்தது. அவரது பலமான துப்பாக்கி தாங்கியது. அதே அளவை எல்லா .44 துப்பாக்கியும் தாங்கும் என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து.

சர்ச்சைகளுக்கும் குறைவில்லை. அடிபட்ட மான் ஒன்றை 600 கஜ தூரத்தில் ரிவால்வரால் சுட்டதாக அவர் எழுதியதைப் பலர் நம்பவில்லை. கனமான குண்டா, வேகமான சின்னக் குண்டா என்று எழுத்தாளர் ஜாக் ஓ'கானரோடு பல வருஷம் மோதல். இந்தியாவுக்கு வந்து புலி வேட்டையாடிய அதே ஓ'கானர்தான்.

இன்றும் தொடரும் ஆபத்து

.357, .44 மேக்னம் ரெண்டுக்கும் நீளம் என்ற காவல் இருக்கிறது. எல்லாத் தோட்டாவுக்கும் அது இல்லை.

கீத்தின் கையில் வெடித்த .45 கோல்ட் தோட்டாவையே எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு ரூகர் மாதிரி நிறுவனங்கள் ரொம்பப் பலமான .45 ரிவால்வர் செய்கின்றன. அதற்காக, வழக்கமான அளவைப் போல ரெண்டு மடங்கு அழுத்தம் தரும் தோட்டாக்களைச் சிலர் கையால் நிரப்புகிறார்கள். தோட்டா நிரப்பும் கையேடுகள் இந்த அளவுகளை ரூகர் போன்ற பலமான துப்பாக்கிக்கு மட்டும் என்று தனிப் பிரிவாகவே அச்சிடுகின்றன. ஆனால் பார்க்க ரெண்டும் ஒரே தோட்டா. பழைய கோல்ட் ரிவால்வருக்குள்ளும் வழுக்கிக்கொண்டு போகும். தடுக்க எதுவும் இல்லை. டப்பா மேலே ஒட்டும் லேபிள் மட்டும்தான் காவல். அந்த லேபிள் கிழிந்தால்?

அதனால்தான் இந்தத் துறையில் அனுபவசாலிகள் சில விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்:

• தோட்டா துப்பாக்கிக்குள் போகிறது என்பதாலேயே அந்தத் துப்பாக்கி அதைத் தாங்கும் என்று அர்த்தமில்லை.

• சோதிக்கப்பட்ட கையேட்டில் இருக்கும் அளவு மட்டும்தான். அதிலும் குறைந்த அளவில் தொடங்கித்தான் மேலே போக வேண்டும். குண்டையோ மருந்தையோ மாற்றினால் மறுபடியும் கீழேயிருந்து.

• புகையில்லா மருந்து கூட்டில் பாதிகூட நிறையாமல் இருக்கலாம். ஞாபக மறதியில் ரெண்டு தடவை போட்டாலும் வெளியே தெரியாது. ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் பார்த்த பிறகே குண்டு வைக்க வேண்டும்.

• மருந்து குறைந்தாலும் ஆபத்து. குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். சத்தம் மெலிதாக வந்தால் அடுத்த ரவுண்டைச் சுடவே கூடாது.

• வெயிலில் சூடேறிய தோட்டா கூடுதல் அழுத்தம் தரும்.

கடைசி விஷயம் நம்ம நாட்டுக்கு ரொம்பப் பொருந்தும். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் வேட்டைத் துப்பாக்கி செய்த லண்டன் கம்பெனிகள், வெப்பத்தில் கார்டைட் மருந்தின் அழுத்தம் எகிறும் என்பதால், மருந்தைக் குறைத்து வெப்பநாட்டுத் தோட்டா என்று தனியாகவே தயாரித்தன. அந்தக் கார்டைட்டின் பெயரிலேயே நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் ஒரு தொழிற்சாலை உண்டு. 1900-களின் தொடக்கத்தில் தொடங்கிய அது இன்றும் இயங்குகிறது.

இந்தியாவில் இதைச் செய்யலாமா?

நினைத்தவரெல்லாம் செய்ய முடியாது. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் இருந்தால் தோட்டா செய்யவும் உரிமம் என்று ஆகிவிடாது. இங்கே சாதாரண உரிமதாரர்கள் வைத்திருக்கும் ரிவால்வர்களில் .32 ரகம் பரவலானது. கான்பூரில் செய்யப்பட்டு 2014-ல் அறிமுகமான 'நிர்பீக்' ரிவால்வரும் அந்த ரகம்தான். அதன் தோட்டாவுக்கு உச்ச அளவு 15,000 பி.எஸ்.ஐ. மட்டுமே. மேக்னம் வேகத்தை எதிர்பார்த்துச் செய்த துப்பாக்கி இல்லை அது.

கடைசிக் காலம்

கீத் தன் பிற்கால வாழ்க்கையை ஐடஹோ மாநிலம் சாமன் ஊரில் கழித்தார். பெரிய தொப்பி, வாயில் சுருட்டு என்ற தோற்றத்தில் வாசகர்களுக்கு அவர் நன்றாகவே பழக்கம். ரிவால்வர் பற்றி 1955-ல் அவர் எழுதிய 'சிக்ஸ்கன்ஸ்' புத்தகத்தை இன்றும் தேடிப் படிக்கிறார்கள். 1981-ல் பக்கவாதம் தாக்கியது. அதற்குப் பிறகு அவரால் எழுத முடியவில்லை. 1984 பிப்ரவரி 14-ம் தேதி, 84-வது வயதில் காலமானார்.

1925-ல் சிதறிய இரும்புத் துண்டு கொஞ்சம் திசை மாறிப் போயிருந்தால், இந்தக் கதை 26 வயதில் முடிந்திருக்கும். தப்பித்தது அவரது அதிர்ஷ்டம். ஆனால் அதற்குப் பிறகு அவர் அதிர்ஷ்டத்தை நம்பவில்லை. எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று பார்த்தார். அவர் கேட்டு வாங்கிய .44 மேக்னம் தோட்டா, அதைத் தாங்க முடியாத பழைய .44 துப்பாக்கிக்குள் இன்றும் முழுசாக நுழையாது.